மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: எத்தனை தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். மகள் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறாள். ஐந்து முறை போய்வந்திருக்கிறேன். இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்து, எங்கள் தெருவில் யாருக்கு அமெரிக்க விசா கிடைத்தாலும் அடுத்த நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடிவதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

டீச்சர், மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எத்தனை கிலோமீட்டர்?

விமான நிலையத்துக்கு விமான நிலையம், பூமிப் பந்தின் மேல் மிகக் குறுகிய வழியில் அளந்தால் சுமார் 14,320 கிலோமீட்டர். பூமியை நடுக்கோட்டில் ஒரு முறை சுற்றிவர 40,075 கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது காக்கை பறக்கும் தூரம். நீங்கள் டிக்கெட் எடுத்துப் போகும் தூரம் வேறு. எந்த ஊரில் மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது 14,500-இலிருந்து 17,300 வரை போகும். கணக்கைக் கீழே நான்காவது கேள்வியில் போட்டிருக்கிறேன்.

நம் ஊரிலிருந்து நேராக ஒரே விமானம் கிடையாதா?

கிடையாது. மதுரையிலிருந்து வெளிநாட்டுக்கு விமானம் பறக்கத் தொடங்கியதே 2012-இல்தான், அதுவும் கொழும்புக்கு. பிறகு துபாய், சிங்கப்பூர் என்று சேர்ந்தன. நான்கு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் ஊர்கள்தான் நம் ஓடுபாதைக்குச் சரி.

காரணம் எளியது. பதினாறு மணி நேரம் பறக்கும் பெரிய விமானம் நூறு டன்னுக்கு மேல் எரிபொருளைச் சுமந்துகொண்டு எழும்ப வேண்டும். அந்தக் கனத்துக்கு நீண்ட ஓட்டம் தேவை. மதுரை ஓடுபாதை சுமார் 2,285 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,600 மீட்டருக்கும் மேல். நம்முடையதை நீட்டும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. நீட்டினாலும் அமெரிக்காவுக்கு நேர் விமானம் விட, நாள்தோறும் முந்நூறு இருக்கைகள் நிறைய வேண்டுமே! எங்கள் தெரு மட்டும் போதாது.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்? ஒருவர் 22 என்கிறார், இன்னொருவர் 38 என்கிறார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் வானத்தில் இருந்த நேரத்தைச் சொல்கிறார், இன்னொருவர் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து சொல்கிறார். கடைசியாகப் போன பயணத்தை ஒரு பழைய நாட்குறிப்பில் குறித்து வைத்தேன். அதை அப்படியே தருகிறேன், எல்லாம் நம் ஊர் மணி.

செவ்வாய் பிற்பகல் 3:00, வீட்டைப் பூட்டினேன். 5:30, மதுரை விமானம் புறப்பட்டது. 6:45, சென்னை. அங்கே ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கொண்டுபோன எலுமிச்சைச் சாதம் அதில்தான் தீர்ந்தது. புதன் அதிகாலை 3:50, துபாய் விமானம். காலை 8:00, துபாய். 10:20, பெரிய விமானம். அதில் பதினாறு மணி நேரம். வியாழன் அதிகாலை 2:20-க்கு சான் பிரான்சிஸ்கோவில் தரை தொட்டது. குடியேற்ற வரிசை, பெட்டி, கார் எல்லாம் முடித்து மகள் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றியபோது வியாழன் காலை 5:00.

கூட்டிப் பாருங்கள். விமானங்களுக்குள் 21 மணி 25 நிமிடம். டிக்கெட்டில் அச்சிட்டிருந்த மொத்தப் பயண நேரம் 32 மணி 50 நிமிடம். வீட்டுக்கு வீடு 38 மணி நேரம். யாராவது ‘எத்தனை மணி நேரம்’ என்றால் இந்த மூன்றில் எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு மூன்றாவது எண்தான் முக்கியம்.

காத்திருப்பைக் குறைத்து 26 மணி நேரத்தில் போய்ச் சேரும் டிக்கெட்டுகளும் உண்டு. அவற்றின் விலை வேறு.

எந்த ஊர் வழியாகப் போனால் தூரம் குறைவு?

டெல்லி. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ‘வடக்கே போய் ஏன் சுற்ற வேண்டும்’ என்பார்கள். ஆனால் மதுரை–டெல்லி சுமார் 2,085 கிலோமீட்டர், டெல்லி–சான் பிரான்சிஸ்கோ சுமார் 12,380. இரண்டும் சேர்ந்து 14,465. நேர் தூரத்தைவிட வெறும் 145 கிலோமீட்டர்தான் கூடுதல், அதாவது இங்கிருந்து திருச்சிக்குப் போகும் தூரம். டெல்லி ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது.

சென்னை, துபாய் வழியாக என்றால் சுமார் 16,400. மதுரையிலிருந்து சிங்கப்பூர் 3,015, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,590, ஆக 16,600. சென்னை, லண்டன் வழியாகப் போனால் 17,200-ஐத் தாண்டும். இவை எல்லாம் குறுகிய வழிக் கணக்கு. விமானம் உண்மையில் பறப்பது இதைவிடச் சில நூறு கிலோமீட்டர் அதிகமாகவே இருக்கும், காற்று, மழை மேகம், மூடிய வான்வெளி என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும்.

அதனால் தூரம் குறைவு என்பதற்காக மட்டும் டெல்லியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2,000 கிலோமீட்டர் மிச்சம் என்றால் இரண்டரை மணி நேரம் கூட இல்லை. ஒரே ஒரு மோசமான காத்திருப்பு அதை விழுங்கிவிடும்.

வரைபடத்தில் அமெரிக்கா இடது பக்கம் இருக்கிறது. சிங்கப்பூர் வழியாக வலது பக்கம் போகும் விமானம் சுற்றுவழிதானே?

என்னிடம் பன்னிரண்டு அங்குல பூமிப் பந்து ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் புது மண்டபத்துப் புத்தகக் கடையில் வாங்கியது. சோவியத் ஒன்றியம் இன்னும் அதில் உயிரோடு இருக்கிறது. தென் அமெரிக்காவில் ஒரு பிளவு, நாடா ஒட்டியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அதைத்தான் எடுத்து வருவேன்.

பூக்கட்டும் நூலை எடுத்து ஒரு முனையை மதுரை மேல் அழுத்தி, மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோ மேல் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். வாழைநார் வேண்டாம், ஈரமானால் இழுபடும். நூல் தானாகவே வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். இடது பக்கமும் போகாது, வலது பக்கமும் போகாது. சீனா, கிழக்கு சைபீரியா, அலாஸ்கா என்று போய் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு இறங்கும். உச்சத்தில் அது வட அட்சரேகை 69 டிகிரியைத் தொடும். நாடு மேற்கில் இருக்கிறதே என்று மேற்கே போக வேண்டிய கட்டாயம் இல்லை. நமக்கு நேர் எதிர்த் தீர்க்கரேகை மேற்கு 102 டிகிரி. சான் பிரான்சிஸ்கோ 122-இல் இருக்கிறது. எதிர்க் கோட்டைத் தாண்டிவிட்டதால் கிழக்குப் பக்கமாகப் போவதுதான் சற்றுக் கிட்டம். நியூயார்க் போகிறவர்களுக்கு இது தலைகீழ், அவர்களுக்கு மேற்குப் பக்கம் கிட்டம்.

அந்த நூலை அளவுகோலில் வைத்தால் 34 சென்டிமீட்டர் இருக்கும். மதுரையிலிருந்து சென்னை அதே பந்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர்.

விமானத்தில் முன்னால் இருக்கும் திரையில் வடதுருவம் பக்கமாகக் கோடு போகிறதே, வழி தவறிவிட்டதா?

வழி தவறவில்லை. முந்தைய பதிலில் சொன்ன நூல் வேலைதான் இதுவும். நம் பள்ளிச் சுவரில் தொங்கும் தட்டை வரைபடம் துருவப் பகுதியை இழுத்து அகலமாக்கிக் காட்டுகிறது. அதனால் நேர்வழி வளைவாகவும் வளைந்த வழி நேராகவும் தெரிகிறது. வரைபடம் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. உருண்டையைத் தட்டையாக்கினால் எங்காவது கிழிந்தோ இழுபட்டோதான் ஆக வேண்டும். ஆரஞ்சுத் தோலை உரித்து மேசை மேல் பரப்பிப் பாருங்கள்.

துபாய்–சான் பிரான்சிஸ்கோ இதில் இன்னும் வேடிக்கை. இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய எதிரெதிர். குறுகிய வழியைக் கணக்கிட்டால் வடதுருவத்துக்கு 200 கிலோமீட்டர் பக்கத்தில் போகிறது. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா இடைநில்லா விமானம் விட்டபோது, கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே துருவப் பகுதி வழியாக ஓட்டி வந்தார்கள். சுமார் 14,000 கிலோமீட்டர், ஏறத்தாழ பதினேழு மணி நேரம். அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வகுப்பு இருந்திருந்தால் ஒரு வாரம் அதையே பாடமாக நடத்தியிருப்பேன்.

போகும்போது 15 மணி நேரம், வரும்போது 17 மணி நேரம். பூமி சுற்றுவதால்தானே?

இது நான் அதிகம் கேட்கும் கேள்வி. நேரடியான பதில்: இல்லை. பூமி சுற்றும்போது மதுரை மணிக்குச் சுமார் 1,645 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியோடு சேர்ந்து காற்றும் ஓடுகிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் ஓடுகிறது. ஓடும் ரயிலுக்குள் பந்தை மேலே எறிந்தால் பின் பெட்டியில் போயா விழுகிறது? உங்கள் கைக்கே வருகிறது. அதே கதைதான்.

உண்மையான காரணம் மேல்வானக் காற்றோட்டம். தரையிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மிதவெப்பப் பகுதிகளின் மேல், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்துக்கு முதுகில் 150 சேர்ந்தால் 1,050. முகத்தில் அடித்தால் 750. சிங்கப்பூரிலிருந்து பசிபிக் வழியாகக் கிழக்கே போகும்போது முதுகில் காற்று, திரும்பும்போது முகத்தில் காற்று. அந்தக் காற்றாறு மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதற்குப் பூமியின் சுழற்சியும் ஒரு காரணம் என்பதால், கேட்டவரை முழுக்கத் தோற்கடித்ததாகவும் சொல்ல முடியாது.

தூரத்தைக் காற்று எப்படி வெல்லும் என்பதற்கு நல்ல சாட்சி 2016 அக்டோபரில் நடந்தது. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆயிற்று. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணியில் முடிந்தது. நீண்ட வழிதான் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. ‘கிலோமீட்டரைச் சொன்னால் நான் மணியைக் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

இணையத்தில் தேடினால் ‘மதுரை–சான் பிரான்சிஸ்கோ விமான நேரம் 16 மணி 25 நிமிடம்’ என்று வருகிறது. அப்படி ஒரு விமானம் இருக்கிறதா?

இல்லை. இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். அந்தத் தளங்கள் தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏற இறங்க அரைமணி சேர்த்து ஓர் எண்ணைத் துப்புகின்றன. காற்றும் தெரியாது, மாறும் ஊரும் தெரியாது. என் எதிர்வீட்டு அம்மா அதை நம்பி, மருமகனை விமான நிலையத்துக்குப் பத்து மணி நேரம் முன்னதாக வரச் சொல்லிவிட்டார்.

தூரத்திலும் தளத்துக்குத் தளம் பத்து, இருபது கிலோமீட்டர் மாறும். ஒருவர் மீனாட்சி அம்மன் கோவிலிலிருந்து அளப்பார், இன்னொருவர் ஓடுபாதையிலிருந்து அளப்பார். ஒருவர் பூமியை முழு உருண்டை என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் துருவங்களில் சற்று அமுங்கியது என்று எடுத்துக்கொள்வார். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மைல் கணக்கில் சொல்கிறார்களே, அது எவ்வளவு?

சாலை மைல் என்றால் சுமார் 8,900. விமானிகள் பேசுவது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர். அதில் சுமார் 7,730. இரண்டையும் குழப்பினால் ஆயிரத்துக்கும் மேல் பிழை விழும்.

மதுரை–சென்னை 418 கிலோமீட்டர்தான் என்றால் அரை மணியில் போய்விடலாமே? டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணி?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிற்குமிடத்தை விட்டு அசைந்ததிலிருந்து மறுபடி நிற்குமிடத்தில் நிற்பது வரை. மெல்ல உருண்டு போவது, ஓடுபாதைக்கு முறை வருவதற்காக நிற்பது, சென்னைக்கு மேலே வரிசைக்காக வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். பறந்த நேரம் சில நாள் நாற்பத்தைந்து நிமிடம்தான் இருக்கும். விசிறி வைத்த சிறு விமானம் என்றால் வேகம் பாதிதான், அதற்கு ஒன்றரை மணி போட்டிருப்பார்கள்.

குறுகிய பயணத்தில் இந்த ஏற்ற இறக்கமே பாதி நேரத்தைத் தின்றுவிடும். நீண்ட பயணத்தில் அது கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, வான்வழியில் நமக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் கிட்டம். விமான நிலையத்துக்கு விமான நிலையம் சுமார் 355 கிலோமீட்டர்.

சென்னை வரை ரயிலில் போய் அங்கே விமானம் ஏறலாமா?

தாராளமாக. இரவில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் சென்னை. ஆனால் எழும்பூர் வரை போகாதீர்கள், தாம்பரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலம் சில நிலையங்கள்தான். எழும்பூருக்குப் போய், வந்த வழியே திரும்பி வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன், இரண்டு பெரிய பெட்டிகளோடு!

நள்ளிரவில் கிளம்பும் விமானத்துக்கு இது சரிவராது, பகல் முழுவதும் சென்னையில் எங்கே இருப்பது? உறவினர் வீடு இருந்தால் சரி.

தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் மலிவு. சென்னையில் எத்தனை மணி இடைவெளி விட வேண்டும்?

ஒரே பதிவு எண்ணில் எல்லா விமானங்களும் இருந்தால், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, மதுரை–சென்னை மட்டும் வேறு இடத்தில் வாங்கி மூவாயிரம் ரூபாய் மிச்சப்படுத்தினார்கள். சென்னையில் பெருமழை, விமானம் மூன்று மணி நேரம் தாமதம். பெரிய விமானம் போய்விட்டது. மறு டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகையை அந்த ஐயா இன்றுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தனி டிக்கெட் என்றால் குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி ஒப்படைக்க வேண்டும். என்னுடைய ஒன்பது மணி நேரம் கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டியவர்கள் அங்கேயும் மூன்று மணி நேரம் வையுங்கள். முதலில் இறங்கும் அமெரிக்க ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும்.

டிக்கெட்டில் மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். என்று போட்டிருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டார்களா?

சரிதான். விமான உலகில் மதுரையின் குறியீடு அதுவே. எம்.டி.யு. என்பது ரயில்வே கொடுத்த குறியீடு. விமானத் தேடலில் அதை அடித்தால் பப்புவா நியூ கினியாவில் உள்ள மெண்டி என்ற ஊர் வரும். அங்கே ஜிகர்தண்டா கிடைக்காது.

நேர வித்தியாசம் பன்னிரண்டரை மணியா, பதிமூன்றரையா?

இரண்டும். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் பன்னிரண்டரை மணி வித்தியாசம். மற்ற மாதங்களில் பதிமூன்றரை. எப்போதும் நாம்தான் முன்னால்.

மனக்கணக்குக்கு எளிய வழி: நம் மணியில் காலையை மாலையாகவும் மாலையைக் காலையாகவும் மாற்றி, கோடையில் அரைமணி, குளிர்காலத்தில் ஒன்றரை மணி கழியுங்கள். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே கோடையில் காலை ஏழரை, குளிர்காலத்தில் ஆறரை. ஞாயிறன்று காலை ஏழு மணிக்குப் பேரனுக்குப் போன் போட்டு, அவன் சனிக்கிழமை சாயங்காலம் விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை புறப்பட்டு, பதினைந்து மணி நேரம் பறந்து, வெள்ளிக்கிழமை காலையே எப்படி இறங்க முடியும்?

சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ கோடைக்கால வித்தியாசம் சரியாகப் பதினைந்து மணி. விமானமும் பதினைந்து மணி பறந்தால், காலை 9:25-க்கு ஏறி, அதே நாள் காலை 9:25-க்கு இறங்குவீர்கள். குளிர்காலத்தில் வித்தியாசம் பதினாறு மணி. அப்போது 8:25-க்கே, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இறங்கிவிடுவீர்கள். பசிபிக் நடுவில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது நாள்காட்டி ஒரு தாள் பின்னால் போகிறது, அவ்வளவுதான். உடம்பு ஏமாறாது. அதற்குப் பதினைந்து மணி நேரம் பதினைந்து மணி நேரம்தான்.

அப்படியானால் வரும்போது என் புரட்டாசிச் சனிக்கிழமை எங்கே போயிற்று?

இப்படிக் கேட்டவர் எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மா. வெள்ளி இரவு பதினொன்றுக்கு அங்கே ஏறினார். பதினேழு மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்கியபோது ஞாயிறு காலை ஏழு. சனிக்கிழமை முழுவதும் விமானத்துக்குள்ளேயே கழிந்தது, அதுவும் இருபத்துநான்கு மணி நேரமாக இல்லாமல் ஒட்டுத்துண்டாக. போகும்போது தேதிக்கோடு கொடுத்த நாளைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

விரதம் எந்த ஊர் மணிக்கு என்பதை அவர் ஐயரிடம் கேட்டுக்கொண்டார். நான் புவியியல் டீச்சர் மட்டுமே. ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எந்த ஊர் மணிக்கு என்று கேட்டால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன், குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள். மருந்துச் சீட்டோடு மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் அல்ல.

போன ஆண்டைவிட இந்த ஆண்டு நேரம் கூடியிருக்கிறதே? ஊர் நகர்ந்துவிட்டதா?

ஊர் நகரவில்லை, வானத்தில் வேலி போட்டிருக்கிறார்கள். 2022-இல் உக்ரைன் போருக்குப் பின் ரஷ்யா தன் வான்வெளியை அமெரிக்க, ஐரோப்பிய, கனடா விமானங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியது. 2019-இலும் அது சில மாதங்கள் மூடியிருந்தது. டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் அப்போதெல்லாம் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டியிருந்தது. அதனால் ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நிறுவனம் ரஷ்யா மேலே போகும், இன்னொன்று சுற்றிப் போகும். நான்காவது கேள்வியில் கொடுத்த கிலோமீட்டர்களை வேலி இல்லாத வானத்துக்கான கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்வதற்கு முன் அந்தந்த விமானத்தின் நேரத்தைத் தனியே பாருங்கள்.

பாட்டி, மதுரையிலிருந்து உலகத்திலேயே ரொம்பத் தொலைவான ஊர் எது?

இது பேரன் கேட்டது, எட்டு வயது. பூமிப் பந்தில் மதுரைக்கு நேர் எதிர்ப்புள்ளி தெற்கு 9.8 டிகிரி, மேற்கு 102 டிகிரி. அங்கே பசிபிக் பெருங்கடல் தவிர ஒன்றும் இல்லை. எந்தப் பக்கமாகப் போனாலும் சுமார் 20,000 கிலோமீட்டர். அதைவிடத் தொலைவு பூமியில் எங்குமே கிடையாது.

பெரிய விமான நிலையம் உள்ள ஊராகச் சொல் என்றான். மெக்சிகோ சிட்டி 16,745 கிலோமீட்டர். பெரு நாட்டின் லீமா அதைவிட அதிகம், சுமார் 17,300. சான் பிரான்சிஸ்கோவே பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு. நூலை வைத்து அவனே அளந்தான், 41 சென்டிமீட்டர் வந்தது. லீமா நான் ஒட்டிய நாடாவுக்கு அடியில் இருக்கிறது. நகத்தால் சுரண்டிக் கண்டுபிடித்துவிட்டான். இப்போது பிளவு இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.